சாவி பெட்டிக்குள்ள இருக்கு, நம்பர் எங்க இருக்கு?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த தடுமாற்றங்களை மட்டும் நீக்கியிருக்கிறோம்.)

போன ரெண்டு எபிசோடும் டேட்டாபேஸ், இன்டெக்ஸ்னு கொஞ்சம் தலை கனக்கிற மாதிரி போயிடுச்சு. இந்த வாரம் லேப்டாப்பை மூடி வச்சிட்டு கதவுக்கு வெளியே போய் நிற்போம். நிஜமாவே வெளியே. காத்துல கதவு சாத்திக்கிச்சு. சாவி ஒண்ணு வீட்டுக்குள்ள இருக்கு. இன்னொண்ணு வெளியேதான், கைக்கு எட்டுற இடத்துலதான் இருக்கு. ஆனா அது ஒரு குட்டி இரும்புப் பெட்டிக்குள்ள. அந்தப் பெட்டி கேட்கிற நாலு நம்பர் உங்களுக்கு ஞாபகம் இல்லை. இல்லைன்னா ஞாபகம் இருக்கு, போட்டா திறக்கலை. ரெண்டாவது கேஸ்தான் ரொம்ப சுவாரசியம், அதுக்கு வருவோம்.

முதல்ல பெட்டி எதுன்னு சொல்லிடறேன். கீ லாக் பாக்ஸ். உள்ளங்கை அளவு. உள்ளே ஒண்ணு ரெண்டு சாவி வைக்கலாம். சிலது சுவரில் ஸ்க்ரூ போட்டு மாட்டுவது, சிலது பூட்டு மாதிரி மேலே வளைந்த கம்பியோட கிரில் கேட்டில் தொங்குவது. அமெரிக்காவில் விற்பனைக்கு இருக்கிற வீட்டை வாங்க வருபவருக்குக் காட்டுவதற்காக ரியல் எஸ்டேட் ஏஜென்ட்டுகள் வாசலில் மாட்டுவார்கள். பிரிட்டனில் தனியாக வாழும் பெரியவர்கள் வீட்டு வாசலில் பார்க்கலாம், அங்கே இதற்குப் பெயர் கீ சேஃப். கவனித்துக்கொள்ள வரும் பணியாளர் எண்ணைப் போட்டு, சாவியை எடுத்து, கதவைத் திறந்து உள்ளே போவார். கட்டிலை விட்டு எழுந்து வர முடியாதவர் கதவு திறக்க வேண்டியதில்லை. இங்கே சென்னை, பெங்களூரில் வாடகைக்கு விடும் சர்வீஸ் அபார்ட்மென்ட்டில் ஆரம்பித்து, இப்போது நம்ம வீடுகளுக்கும் வந்துகொண்டிருக்கிறது. மூணு பேர் சேர்ந்து இருக்கிற ஃபிளாட், சாவி ஒண்ணு. அல்லது பிள்ளைகள் எல்லாம் வெளியூரில், அம்மா மட்டும் இங்கே. இந்த ரெண்டாவது வகை வீட்டிலிருந்து வந்த ஒரு வாய்ஸ் நோட்தான் இந்த எபிசோடுக்குக் காரணம்.

அனுப்பியவர் பெயரைச் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டார். பெங்களூரில் வேலை, அம்மா தாம்பரத்தில் மூணாவது மாடியில் தனியாக. பொங்கலுக்கு வந்தப்ப ஒரு லாக் பாக்ஸ் வாங்கி கிரில்லில் மாட்டி, புது எண் போட்டு, அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்துட்டுக் கிளம்பிட்டார். எண் 4826. (இப்போ மாத்திட்டாராம், அதனால சொல்றேன்.) ரெண்டு மாசம் கழிச்சு ஒரு நாள் காலை, அடுப்பில் குக்கர் வச்சிட்டு, மாடியில் துணி உலர்த்திட்டு வரலாம்னு அம்மா போயிருக்காங்க. கதவில் இருப்பது சாத்தினாலே பூட்டிக்கொள்ளும் லேட்ச். திரும்பி வந்தா கதவு சாத்தியிருக்கு. உள்ளே குக்கர் ஒரு விசில் அடிக்குது.

அம்மா பதறலை. பெட்டிகிட்டப் போய் 4826 போட்டாங்க. திறக்கலை. இன்னொரு தடவை போட்டாங்க. திறக்கலை. எதிர்வீட்டு ஆன்ட்டி வந்து கண்ணாடி மாட்டிக்கிட்டுப் போட்டாங்க. திறக்கலை. அப்புறம்தான் மகனுக்கு போன். மீட்டிங்கில் இருந்தவர் வெளியே ஓடி வந்து, "சரியாப் பாரும்மா, 4826"னு பத்து தடவை சொல்லியிருக்கார். அம்மா சொன்ன பதில்: "நம்பர் எனக்கு நல்லா தெரியும்டா, பெட்டிக்குத்தான் தெரியலை. இது நாலாவது விசில்."

அந்த ஒரு வரிக்காகவே அந்த அம்மாவை நம்ம ஷோவுக்குக் கூப்பிடணும். ஏன்னா, அவங்க சொன்னதுதான் சரி. பெட்டிக்கு அந்த எண் தெரியாது.

என்ன நடந்திருக்குன்னு புரிய, பெட்டிக்குள்ள எண் எப்படி உட்காருதுன்னு பார்க்கணும். நாலு சக்கரம் இருக்கிற வகை இது, நம்ம ஊரில் ஆன்லைனில் அதிகம் கிடைப்பதும் இதுதான். ஒவ்வொரு சக்கரத்திலும் 0 முதல் 9 வரை. சரியான எண்ணில் நாலும் நின்றால், உள்ளே ஒவ்வொரு சக்கரத்தோடும் சேர்ந்து சுற்றும் பள்ளங்கள் ஒரே நேர்க்கோட்டில் வரும். அப்போது திறப்பான் நகர இடம் கிடைக்கும், மூடி திறக்கும். எண்ணை மாற்றுவது என்றால், வெளியே தெரியும் எண் சக்கரத்துக்கும் உள்ளே இருக்கும் பள்ளத்துக்கும் உள்ள பிடிப்பைக் கொஞ்ச நேரம் விடுவித்து, வெளிச் சக்கரத்தை மட்டும் வேறு எண்ணுக்குத் திருப்பி, திரும்பவும் பிடிக்க வைப்பது. அவ்வளவுதான்.

அதுக்குத்தான் மூடியின் பின்பக்கம் ஒரு குட்டி லீவர் இருக்கும். பெட்டியைப் பழைய எண் போட்டுத் திறக்கணும் (புதுப் பெட்டின்னா பெரும்பாலும் 0000). மூடி திறந்திருக்கும்போதே லீவரை அடுத்த இடத்துக்குத் தள்ளணும். சில பெட்டியில் ஏ, பி என்று எழுதியே இருக்கும். புது எண்ணை வைக்கணும். லீவரைப் பழைய இடத்துக்கே கொண்டுவரணும். இருபது செகண்ட் வேலை.

ஆனா அந்த லீவர் தள்ளி இருக்கிற இருபது செகண்டும் பெட்டி எந்த எண்ணையும் ஏத்துக்கிற நிலையில் இருக்கு. நீங்க நினைக்கிற எண்ணை இல்லை, லீவர் திரும்பி வர்ற அந்த நொடியில் சக்கரங்கள் எங்கே நிற்கிறதோ அதை. கட்டைவிரல் பட்டு ஒரு சக்கரம் ஒரு பல் நகர்ந்தால், அதுதான் உங்க புது எண். பீப் சத்தம் கிடையாது, எர்ரர் மெசேஜ் கிடையாது. பெட்டி சந்தோஷமா சேவ் பண்ணிக்கும்.

நம்ம நண்பர் அங்கே நின்னு யோசிச்சிருக்கார். எண் சரி, பெட்டி புதுசு, துருப்பிடிக்க நேரமில்லை. அப்போ ரீசெட் பண்ணும்போதே ஏதோ ஒரு சக்கரம் ஒண்ணு தள்ளிப் போயிருக்கணும். நம்ம தொழிலில் இதுக்குப் பேரே இருக்கே, ஆஃப் பை ஒன். நாலு சக்கரம், ஒவ்வொண்ணையும் ஒண்ணு கூட்டு, ஒண்ணு குறை. மொத்தம் எட்டே முயற்சி. 5826, இல்லை. 3826, இல்லை. 4926, இல்லை. 4726, இல்லை. 4836, டக்குனு திறந்திருக்கு. எட்டாவது விசிலுக்கு முன்னாடி அம்மா உள்ளே. பருப்பு அடிப்பிடிச்சிருந்தது, குக்கரில் தண்ணி கிட்டத்தட்ட வத்தியிருந்தது. இன்னும் கொஞ்சம் போயிருந்தா சேஃப்டி வால்வு உருகியிருக்கும்.

இதில் எனக்குச் சிரிப்பு வந்த இடம் ஒண்ணு இருக்கு. நண்பர் வேலை பார்ப்பது டெஸ்டிங் டீமில். [சிரிப்பு] லீவரைத் தள்ளினார், எண் வைத்தார், மூடினார், ஊருக்கு பஸ் ஏறிட்டார். ஒரு தடவைகூட போட்டுப் பார்க்கலை.

சரி, கதையை விடுங்க. நீங்க இப்போ கதவுக்கு வெளியே நிற்கிறீங்க, என்ன பண்ணணும்?

பெட்டியைத் தொடுவதற்கு முன்னாடி ஒரு கேள்வி. உள்ளே யாராவது இருக்காங்களா, அடுப்பு எரியுதா? சின்னக் குழந்தை உள்ளே தனியா இருக்கு, பெரியவர் விழுந்துட்டார், கூப்பிட்டா பதில் இல்லை. இப்படி எதுவா இருந்தாலும் நம்பர் தேடும் விளையாட்டே வேண்டாம். 112க்கு அடிங்க, தீயணைப்பு 101, ஆம்புலன்ஸ் 108. பூட்டிய கதவைத் திறப்பது தீயணைப்புத் துறைக்குப் புது வேலை இல்லை. கேஸ் வாடை வருதுன்னா காலிங் பெல்லை அழுத்தாதீங்க, வாசல் சுவிட்சைத் தொடாதீங்க, அந்தத் தீப்பொறி போதும். கொஞ்சம் தள்ளிப் போய் நின்னு போன் பண்ணுங்க. எல்பிஜி கசிவுக்குன்னே நாடு முழுக்க 1906 இருக்கு. கதவு போனா போகுது.

அப்படி எதுவும் இல்லை, கையில் நேரம் இருக்குன்னா, பெட்டிகிட்ட வாங்க.

எண் தெரியும், திறக்கலைங்கிற கேஸில் முதலில் சந்தேகப்பட வேண்டியது எண்ணை இல்லை. எண்களை எந்தக் கோட்டில் நிறுத்தணும்னு பாருங்க. சக்கரத்துப் பக்கத்தில் ஒரு சின்னக் குறியோ அம்போ இருக்கும், அந்த நேரில் எண் நிற்கணும். மேலேயிருந்து குனிஞ்சு பார்க்கும்போது ஒரு வரிசை தள்ளித் தெரியும், அதனால கண்ணுக்கு நேரா வச்சுப் பாருங்க. சக்கரம் ரெண்டு எண்ணுக்கு நடுவில் நிற்குதான்னு பாருங்க. அடுத்தது, உள்ளே சாவிக்கொத்தை அடைச்சு வச்சிருந்தா மூடி உள்ளேயிருந்து தள்ளப்பட்டு இறுகிக்கும். ஒரு கையால் மூடியை உள்பக்கமா அழுத்திக்கிட்டே இன்னொரு கையால் திறப்பானை இழுத்தா விடும். பிள்ளையார் பொம்மை தொங்குற சாவிக்கொத்தெல்லாம் உள்ளே போடாதீங்க, வெறும் சாவி போதும். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் இருக்கிறவங்களுக்கு உப்புக் காத்து ஒரு தொல்லை. சக்கரம் கரகரன்னு சுத்தும். நம்ம வீட்டு வழக்கப்படி தேங்காய் எண்ணெய் விட்டீங்கன்னா, ரெண்டு நாள் நல்லா சுத்தும், அப்புறம் தூசியெல்லாம் அதில் ஒட்டிப் பிசுக்காகிடும். கிராஃபைட் பவுடர் நல்லது. மழை படுற இடம்னா, ரப்பர் மூடி இருக்கிற மாடலா வாங்குங்க.

அப்புறம்தான் எண். இதை ஒரு சர்ச் ப்ராப்ளம் மாதிரி பாருங்க. நாலு சக்கரம்னா 10,000 எண். ஒவ்வொண்ணுக்கும் மூணு செகண்ட்னு வச்சா எல்லாத்தையும் போட 8 மணி 20 நிமிஷம். கடைசி வழி அது. அதுக்கு முன்னாடி உங்க ஞாபகம் எந்த விதத்தில் தப்பும்னு யோசிச்சா தேட வேண்டிய இடம் படபடன்னு சுருங்கும். ரீசெட் பண்ணினோமா, இல்லையான்னே சந்தேகமா? 0000 போட்டுப் பாருங்க, ஒரே முயற்சி. ஒரு சக்கரம் ஒண்ணு நகர்ந்திருக்கலாமா? எட்டு. எந்தெந்த எண்கள்னு தெரியும், வரிசைதான் குழப்பமா? நாலும் வேற வேற எண்ணுன்னா 24 வரிசை, ஒரு வரிசைக்கு அஞ்சு செகண்ட் எடுத்துக்கிட்டாலும் ரெண்டு நிமிஷம். ஒரே ஒரு எண் மறந்திருக்கு, அது எந்த இடம்னு தெரியும்னா பத்து. அந்த இடமும் தெரியலைன்னா 37. நாலு பெரும் சக்கரமும் ஆளுக்கொரு பக்கம் ஒண்ணு நகர்ந்திருக்கலாம்னு பயந்தாலும், மொத்தமே 81தான். போட்ட எண்ணையெல்லாம் போனில் எழுதிக்கிட்டே வாங்க. பதட்டத்தில் ஒரே எண்ணை நாலு தடவை போடுவோம்.

உங்க சொந்தப் பெட்டி விலை குறைஞ்ச சக்கர வகைன்னா இன்னொரு விஷயமும் உண்டு. திறப்பானை லேசா இழுத்துப் பிடிச்சபடி சக்கரங்களைச் சுத்தினா, சில பெட்டிகளில் சரியான எண்ணில் கைக்கு வித்தியாசம் தெரியும். லாக்பிக்கிங்லாயர்னு யூடியூபில் ஒருத்தர் இருக்கார், பூட்டுகளைத் திறந்து காட்டுறதே வேலை. அவர் வீடியோவில் இந்த மாதிரிப் பெட்டிகள் எவ்வளவு வேகமா திறக்குதுன்னு பார்த்தா, உங்களுக்கு ஒரு நிமிஷம் நிம்மதியா இருக்கும், அடுத்த நிமிஷம் வயித்தைக் கலக்கும். அதனால பெட்டியைத் தெருவிலிருந்து தெரியுற மாதிரி மாட்டாதீங்க. பிரிட்டனில் போலீஸ் ஆதரவோட இயங்குற செக்யூர்ட் பை டிசைன்னு ஒரு அமைப்பு, சோதனையில் தேறின பாதுகாப்புப் பொருட்களுக்கு அங்கீகாரம் தருது, கீ சேஃப் மாடல்களும் அதில் உண்டு. இங்கே அப்படிப் பார்த்து வாங்குறவங்க குறைவு. விலையைப் பார்க்கிறோம், ஸ்டார் எத்தனைன்னு பார்க்கிறோம்.

இப்போ இன்னொரு வகை. சக்கரம் இல்லாம, பழைய கால்குலேட்டர் மாதிரி பட்டன் இருக்கும், 0 முதல் 9 வரை. பேட்டரி எதுவும் இல்லை, முழுக்க மெக்கானிக்கல். இதோட லாஜிக் தெரிஞ்சப்ப எனக்கு ப்ளஸ் ஒன் கணக்கு வாத்தியார் ஞாபகம் வந்தார். பெர்முடேஷன், காம்பினேஷன் நடத்தும்போது வரிசை முக்கியமா, இல்லையாங்கிற ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பார். நாலு சக்கரப் பூட்டை உலகமே காம்பினேஷன் லாக்னு கூப்பிடுது, ஆனா அதில் வரிசை முக்கியம். கணக்குப்படி அந்தப் பேர் தப்பு. இந்தப் பட்டன் பெட்டிதான் அசல் காம்பினேஷன். 2-5-7-9னு அழுத்தினாலும் சரி, 9-2-7-5னு அழுத்தினாலும் சரி, திறக்கும். ஏன்னா உள்ளே ஒவ்வொரு பட்டனுக்கும் ரெண்டே நிலை, அழுத்தினது, அழுத்தாதது. முதலில் எது அழுத்தினீங்கன்னு அதுக்குத் தெரியாது. அதே காரணத்தால் ஒரு எண்ணை ரெண்டு தடவை பயன்படுத்தவும் முடியாது.

பத்து பட்டன், ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு நிலை. 1,024. எதையுமே அழுத்தாததைக் கழிச்சா 1,023. நாலு எண் கொண்ட கோடுன்னா வெறும் 210. அஞ்சு எண்ணுன்னா 252, அதுதான் உச்சம், ஆறுக்குப் போனா திரும்ப 210. மறந்துபோன உங்களுக்கு இது நல்ல செய்தி. நாலு எண்ணுன்னு உறுதியா தெரிஞ்சா, ஒண்ணுக்கு அஞ்சு செகண்ட்னு 18 நிமிஷத்துக்குள்ள எல்லாத்தையும் போட்டுடலாம். திருடனுக்கும் அதே 18 நிமிஷம்தான். இன்னொரு வேடிக்கை, தினமும் பயன்படுத்துற பெட்டியில் நாலு பட்டன் மட்டும் பளபளன்னு தேய்ஞ்சிருக்கும். சக்கரமோ போன் ஸ்கிரீனோன்னா அதுக்கப்புறமும் வரிசை தெரியணும். இங்கே வரிசையே கிடையாது, அந்தப் பளபளப்புதான் மொத்த கோடும். அதனால இந்த வகையில் அடிக்கடி எண் மாத்துறதும், நடுநடுவே எல்லா பட்டனையும் ஒரு துணியால துடைக்கிறதும் வீண் வேலை இல்லை.

பட்டன் பெட்டி திறக்கலைன்னா பெரும்பாலும் காரணம் ஒண்ணுதான். முன்னாடி யாரோ ஏதோ ஒரு பட்டனைத் தட்டிட்டுப் போயிருப்பாங்க, அது அழுத்தின நிலையிலேயே இருக்கும். நீங்க சரியான நாலைப் போட்டாலும் பெட்டியைப் பொறுத்தவரை அது அஞ்சு எண். அதனால முதல்ல கிளியர் லீவரை இழுத்து எல்லாத்தையும் அழிச்சிட்டு, ஒவ்வொரு பட்டனையும் கிளிக் சத்தம் வர்றவரைக்கும் முழுசா அழுத்துங்க. ரீசெட் பண்ண, திறந்த மூடியின் பின்பக்கத் தகட்டைக் கழட்டினா ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு குட்டித் திருகு அல்லது அம்பு தெரியும். வேண்டிய எண்ணுக்கான அம்பை மறுபக்கம் திருப்பணும். சில மாடலில் கிளியரைப் பிடிச்சபடியே திருப்பணும், அட்டையில் போட்டிருக்கும். அந்த அட்டையைத் தூக்கிப் போடாதீங்க, அதை அந்தப் பெட்டிக்குள்ளேயும் வைக்காதீங்க.

ரெண்டு வகைக்கும் பொதுவான ஒண்ணு. ரீசெட் பண்ணினதும் மூடியைத் திறந்தபடியே வச்சுக்கிட்டு, சக்கரத்தைக் கலைச்சு, புது எண்ணைப் போட்டு, திறப்பான் நகருதான்னு பாருங்க. மூணு தடவை. அப்புறம் ஒரு தப்பு எண்ணைப் போட்டு, நகராம நிற்குதான்னும் பாருங்க, இதை யாருமே செய்யறதில்லை. எல்லாம் சரின்னா, சாவியை உள்ளே வைக்காம, வெறும் பெட்டியை மூடித் திறந்து பாருங்க. கடைசியில்தான் சாவி. முக்கியமா, அந்த எண்ணைப் பயன்படுத்தப் போறவங்க கையால ஒரு தடவை திறக்கச் சொல்லுங்க. தாம்பரத்து அம்மாவுக்கு எண் மனப்பாடம். ஆனா அவங்க கை அந்தப் பெட்டியில் முதல் தடவை பட்டதே குக்கர் விசில் அடிக்கிற அன்னிக்குத்தான்.

எந்த எண்ணும் வேலை செய்யலை, கம்பெனிக்கு போன் போடலாமான்னா, நீங்களே எண் வைக்கிற மாடலில் அவங்களுக்கு உங்க எண் தெரியாது. ஃபர்காட் பாஸ்வேர்ட் லிங்க் கிடையாது. மிச்சம் இருப்பது உடைக்கிறதுதான். இங்கே என் அபிப்பிராயம் ரொம்பத் தெளிவு: பெட்டியை உடைங்க, கதவை இல்லை. ஆயிரம் சொச்சம் ரூபாய்ப் பெட்டியைக் காப்பாத்த கதவையும் லேட்ச்சையும் பெயர்த்தவங்களை எனக்குத் தெரியும். தொங்குற வகைன்னா வளைகம்பியை அறுத்துப் பெட்டியைக் கையில் எடுத்துக்கலாம். சுவர் வகையில் ஸ்க்ரூவெல்லாம் பெட்டிக்கு உள்ளே இருக்கும், வெளியேயிருந்து கழட்ட முடியாது, அப்படித்தான் செஞ்சிருப்பாங்க. தெருமுனையில் டூப்ளிகேட் சாவி போடுறவரைக் கூப்பிடுங்க. நல்ல ஆளா இருந்தா, இது உங்க வீடுதானான்னு முதல்ல கேட்பார். கோபப்படாம ஆதாரைக் காட்டுங்க. கேட்காத ஆளைப் பார்த்துதான் நீங்க பயப்படணும்.

இது வரைக்கும் பெட்டி. ஆனா பெட்டி திறந்து, சாவி கையில் வந்து, அப்பவும் கதவு திறக்காத ஒரு நிலைமை நம்ம வீடுகளில் இருக்கு. தாழ்ப்பாள். அம்மா, பாட்டி யாரா இருந்தாலும் ராத்திரி படுக்கப் போகும்போது என்ன பண்ணுவாங்க? லேட்ச் போடுவாங்க, அது பத்தாதுன்னு மேல் தாழ்ப்பாள், கீழ் தாழ்ப்பாள், சில வீட்டில் குறுக்குச் சங்கிலி. காலங்காலமா அப்படித்தான், தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்தக் கதவுக்கு வெளியே பத்து லாக் பாக்ஸ் தொங்கினாலும் பிரயோஜனம் இல்லை. பாத்ரூமில் வழுக்கி விழுந்தவங்களுக்கு நடு ராத்திரியில் உதவி வரணும்னா, வெளியேயிருந்து சாவியால் திறக்கக்கூடிய பூட்டு மட்டும்தான் போட்டிருக்கணும். சில பூட்டுகளில் உள்பக்கம் சாவியைச் செருகியே விட்டிருந்தா வெளிப்பக்கச் சாவி நுழையவே நுழையாது. இதையும் ஒரு தடவை சோதிச்சுப் பாருங்க.

இதை அம்மாகிட்ட பேசுறது, நாலு சக்கரத்தை ரீசெட் பண்றதைவிடக் கஷ்டம். "தாழ்ப்பாள் போடாம எப்படிடா தூங்குறது?"னு கேட்பாங்க. நியாயமான கேள்வி. தனியா இருக்கிற பெண்மணிக்கு அந்தத் தாழ்ப்பாள் வெறும் இரும்புத் துண்டு இல்லை. ஊரில் உட்கார்ந்து போனில் நாம அதை எடுத்துடுங்கன்னு சொல்லிட முடியாது. நல்ல டெட்போல்ட் ஒண்ணு, வெளியேயிருந்து சாவியால் திறக்கக்கூடியது, அதைப் போட்டுக் கொடுத்து, ரெண்டு மூணு நாள் கூட இருந்து பழக்கினா சிலர் ஒத்துக்கிறாங்க. சிலர் ஒத்துக்க மாட்டாங்க. அப்போ பாத்ரூமுக்கும் போனை எடுத்துக்கிட்டுப் போங்கன்னாவது கெஞ்சலாம்.

எண் யாருக்குத் தெரியும்ங்கிறது அடுத்தது. பெட்டிக்கு ஆள் தெரியாது, எண் மட்டும்தான் தெரியும். 2024 நவம்பரில் இத்தாலியின் உள்துறை அமைச்சகம், வாடகைக்கு வர்ற விருந்தினரை வீட்டுக்காரர் நேரில் பார்த்து அடையாளம் சரிபார்க்கணும்னு சுற்றறிக்கை விட்டது. வாசலில் சாவிப் பெட்டி, போனில் எண், முகத்தையே பார்க்காம வாடகைங்கிற பழக்கத்துக்கு எதிரா. விஷயம் கோர்ட்டுக்கும் போச்சு. நம்ம வீட்டில் அமைச்சகம் வராது, ஆனா கேள்வி அதேதான். வீட்டு வேலைக்கு வர்ற அக்கா, ஹோம் நர்ஸ், போன வருஷம் காலி பண்ணிட்டுப் போன ரூம்மேட், ஒரு தடவை அவசரத்துக்கு எண் சொன்ன டெலிவரி பையன். ஆள் மாறினா எண் மாறணும். யாரையும் சந்தேகப்பட்டு இல்லை. ஏதாவது காணாம போனா, பழைய எண் தெரிஞ்ச பாவப்பட்ட அந்த அக்கா மேலதான் முதல் பழி விழும். எண் மாத்துறது அவங்களுக்கும் பாதுகாப்பு.

எண்ணைத் தேர்ந்தெடுக்கிறதில் ஒண்ணே ஒண்ணு. பிறந்த வருஷம் வைக்காதீங்க. 19னு ஆரம்பிச்சா 10,000 எண் நூறா சுருங்கிடும். ஃபிளாட் நம்பர், வண்டி நம்பர் பெட்டிக்குப் பக்கத்துலேயே எழுதியிருக்கும். அந்த எண்ணை வேற ஊரில் இருக்கிற ஒருத்தர்கிட்டயும், பக்கத்து வீட்டில் நம்பிக்கையான ஒருத்தர்கிட்டயும் சொல்லி வைங்க. ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீங்க. அங்கே நாப்பத்திரண்டு பேர் இருக்காங்க, அதில் சித்தப்பா எல்லாத்தையும் ஃபார்வர்ட் பண்ணுவார்.

போன வாரமே ரெண்டு பேர் கேட்டிருந்தீங்க, இதுக்கெல்லாம் பதிலா டிஜிட்டல் டோர் லாக் போட்டுட்டா என்னன்னு. போடலாம். கைரேகை, பின் நம்பர், எல்லாம் வசதிதான். பேட்டரி தீர்ந்தா என்ன பண்றதுன்னு மட்டும் வாங்கும்போதே கேளுங்க. பல மாடலில் வெளிப்பக்கம் கீழே 9 வோல்ட் பேட்டரியை வச்சுத் தொடுற ரெண்டு புள்ளி இருக்கும், புதுசுல யுஎஸ்பி சி போர்ட் இருக்கும். கூடவே ஒரு மெக்கானிக்கல் சாவியும் தருவாங்க. அந்தச் சாவியை எங்கே வைப்பீங்க? வீட்டுக்குள்ள டிராயரில் வச்சீங்கன்னா மறுபடி இந்த எபிசோடை முதலிலிருந்து கேளுங்க.

அடுத்த வாரம் ஒரு லிஃப்ட் டெக்னீஷியன் நம்ம கூட இருக்கார். பட்டனை நாலு தடவை அழுத்தினா லிஃப்ட் சீக்கிரம் வருமாங்கிற கேள்விக்கு ஒரு வழியா பதில் கிடைக்கப் போகுது. வரேன் மக்களே.